திங்கட்கிழமைத் தண்ணீர்

சனிக்கிழமை மாலை தங்கமீன் தெருவில் நடக்க இடம் இருக்காது. மீன் வாங்க வருகிறவர்கள் ஓரமாகப் போய்விட வேண்டியதுதான். நடைபாதையை அடைத்து நிற்கும் வரிசை யியு மாஸ்டருடையது. வங்கி மேலாளர், பல் டாக்டர், வீட்டுத் தரகர் எல்லோரும் கையில் நம்பர் சீட்டோடு நிற்பார்கள். எல்லோரும் படித்தவர்கள். படிக்காதவர்களுக்கு அலுவலகம் ஏது, அதில் மீன்தொட்டி ஏது?

யியு மாஸ்டர் மீன் விற்கிறார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் விற்பது பாதுகாப்பு. எட்டு சிவப்பு மீன், ஒரு கறுப்பு மீன். சிவப்பு பணத்தைக் கூப்பிடும், கறுப்பு கெடுதலை வாங்கிக்கொள்ளும். எந்த மீன் செத்தாலும் வருந்தக் கூடாது. முதலாளிக்கு வரவிருந்த ஆபத்தைத் தான் வாங்கிக்கொண்டு செத்திருக்கிறது என்று நன்றி சொல்லிவிட்டு, அடுத்த மீனை அவரிடமே வாங்க வேண்டும். மீன் பிழைத்தால் மாஸ்டரின் சக்தி. செத்தால் அதைவிடப் பெரிய சக்தி. இப்படி ஒரு வியாபாரம் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் நான் ஏன் பொத்தான் விற்கிறேன்?

ஷாம் ஷுய் போ என்கிற பேட்டையில் எங்கள் பொத்தான் கம்பெனி. முதலாளி குவோக் நல்ல மனிதர், வாசலுக்கு நேரே தொட்டி வைத்த அன்றிலிருந்து இன்னும் நல்ல மனிதர். மாஸ்டரின் கட்டளைப்படி, ஒரு வாரம் நின்ற தண்ணீர் தேங்கிப்போன பணம். திங்கட்கிழமை காலையில் அதைக் கடைசிச் சொட்டுவரை கொட்டிவிட்டு, முதலாளி தன் கையாலேயே குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டும். குவோக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாளி சுமப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒன்றிரண்டு மீன்கள் வயிறு மேலாக மிதக்கும். எவ்வளவு பெரிய ஆபத்து தப்பியிருக்கிறது பாருங்கள் என்று எங்களிடம் நெகிழ்ந்துபோவார்.

மீன்கள் இவ்வளவு பாடுபட்டும் ஆர்டர் குறைந்துகொண்டே போனது. மாஸ்டர் வரவழைக்கப்பட்டார். வாஸ்து பார்க்கும் திசைகாட்டித் தட்டை ஏந்திக்கொண்டு மேசை மேசையாகச் சுற்றினார். சனி, ஞாயிறு மீன் சாகிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். அப்படியென்றால் திங்கட்கிழமை உள்ளே வருவது யார் என்றார். நாங்கள் எல்லோரும்தான் வருகிறோம். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஒவ்வொருவராகப் பிறந்த வருஷத்தை விசாரித்து வந்தவர், சரக்கு அனுப்பும் வேலை பார்க்கும் ஹா அக்காவிடம் நின்றுவிட்டார். வருஷத்துக்கு ஒரு மிருகம் என்கிற சீனக் கணக்கில் அக்கா புலி வருஷத்தில் பிறந்தவர்.

"புலியும் பூனையும் ஒரே இனம். பூனையத் தொட்டி பக்கத்துல உக்கார வெச்சுட்டு, மீன் ஏன் சாகுதுன்னு என்னையே கேக்குறீங்க."

விசாரணை முடிந்தது. மாதக் கடைசியோடு ஹா அக்கா போகலாம் என்று தீர்ப்பு. ஐம்பது தாண்டியவர், மகளைத் தனியாகப் படிக்கவைக்கிறவர், இந்த வயதில் இன்னொரு வேலை யார் தருவார்கள்? அந்தக் கேள்விக்குத் தட்டில் எந்த முள்ளும் ஆடவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

அக்கா அழவில்லை. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மீன்களைத் தொட்டித் தண்ணீரோடேயே பையில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். புலியின் குகையில், கட்டில் பக்கத்து வாளியில், அவை தின்று கொழுத்தன. அலுவலகத்தில் மட்டும் வழக்கம்போல திங்கட்கிழமை மீன் மிதந்தது. அக்கா இதைச் சொன்னதும் முதலாளி மாஸ்டருக்கு போன் போட்டார். வீட்டில் புலி தூங்கும், வேலை செய்யும் இடத்தில்தான் வேட்டையாடும் என்று பதில் வந்தது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு வாசல் வைத்திருக்கிறார் மனிதர்.

அடுத்த சனிக்கிழமை குவோக் புது மீன் வாங்கக் கிளம்பினார். ஹா அக்கா, தானும் வந்து மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன்.

மாஸ்டரின் கல்லாமேல் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் தளபதி என்று பேர் வைத்த கொழுத்த கறுப்பு மீன், பல வருஷமாக ஒரு கெடுதலும் அண்டாமல் வாழ்கிறது. அக்கா வெளியே போய் நடைபாதைக் குழாயில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து கல்லாப் பக்கத்தில் வைத்தார்.

"தளபதிக்கு ரொம்ப நாளா பழைய தண்ணி, மாஸ்டர். பணம் தேங்கிடும். புதுசு கொண்டாந்திருக்கேன்," என்று சாவகாசமாகச் சொல்லி, வலையை எடுத்துத் தளபதியை அள்ளிவிட்டார். வலை வாளிக்கு மேலே வந்தது.

யியு மாஸ்டர் கல்லாமேல் ஏறியே விட்டார்.

"பைப் தண்ணில போடாதடி! மருந்து கலந்த தண்ணி, மத்தியானத்துக்குள்ள செத்துடும். ஒரு ராத்திரி தொறந்து வெச்ச தண்ணிலதான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. அவருக்குப் பின்னால், மூடி இல்லாத பீப்பாய்களில் நேற்றே பிடித்த தண்ணீர் நின்றதையும் எல்லோரும் அப்போதுதான் பார்த்தார்கள். இத்தனை நாளும் அவை அங்கேயேதான் இருந்தன.

"பைப் தண்ணிக்குத்தான் பயப்படுறீங்க," என்றார் அக்கா, தளபதியைப் பத்திரமாகப் பழைய தொட்டியிலேயே விட்டபடி. "இவ்ளோ நேரம் புலி கையில இருந்துச்சே, அதுக்கு ஏன் மாஸ்டர் பயப்படல?"

மாஸ்டர் திசைகாட்டித் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். பல் டாக்டர் நம்பர் சீட்டைக் கிழித்துப் போட்டார். வரிசை கலைந்தது. ஆனால் ஒரு அம்மா மட்டும் முன்னால் வந்து, அந்த ராத்திரித் தண்ணீர் பாட்டிலில் கிடைக்குமா என்று மாஸ்டரிடம் மரியாதையாக விசாரித்தார். இந்த ஊரில் யியு மாஸ்டர் பட்டினி கிடக்க மாட்டார்.

திரும்பி நடக்கும்போது குவோக், அக்கா எங்கேயும் போக வேண்டாம், திங்கட்கிழமை வழக்கம்போல வரலாம் என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"அப்ப இவ்ளோ மீனும் எனக்காகச் சாகலியா, ஹா?"

"உங்களுக்காகத்தான் செத்துச்சு, முதலாளி," என்றார் அக்கா. "நீங்க யோசிக்கவே இல்லல்ல, அதுக்காக."