காந்தம் மாற்றிய கதை

இந்த ஒரு விஷயம் மட்டும் ஞானமதிக்குத் தெரியவே கூடாது என்று சங்கல்பம் செய்துகொண்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். நான் தும்மப் போவதுகூட அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளிடம் ரகசியம்! என் தைரியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விஷயம் என் எலெக்ட்ரிக் கிடார். விழுப்புரத்தில் சித்தார்த்தன் நடத்தும் ஆர்கெஸ்ட்ராவில் இருபத்திரண்டு வருஷமாக நான்தான் லீட் கிடார். போன மாசம் அவன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"பாலு அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கிடார் ஒரே கீச்சு கீச்சுங்குது. முன் வரிசையில பொம்பளைங்க காதைப் பொத்திக்கினு உக்காந்திருக்காங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ரிசப்ஷனுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா கிடாரையும் கீபோர்டுலயே வாசிச்சுக்கலாம்னு இருக்கேன்."

கீபோர்டிலேயாம்! கிடார் இல்லாவிட்டால் நான் யார்? மோட்டாருக்குக் காயில் கட்டும் ஞானமதியின் வீட்டுக்காரர். அவ்வளவுதான்.

யோசித்ததில் குற்றவாளி அகப்பட்டான். பிக்கப். கிடார் கம்பிக்கு அடியில் இருக்கிற சின்னப் பெட்டி. உள்ளே காந்தம், சுற்றிலும் மயிரிழைக் கம்பிச் சுருள். கம்பி அதிர்வதைக் கரண்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது இதுதான். என்னுடையதில் இருப்பது செராமிக் காந்தம். முரட்டுப் பயல், சத்தத்தைக் கூர் தீட்டித் தள்ளுவான். அல்நிக்கோ என்று இன்னொன்று இருக்கிறது. அது சத்தத்தைக் கொஞ்சம் குழைத்துக் கொடுக்கும். மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று தபாலில் ஒன்று வரவழைத்தேன்.

ஞானமதி இங்கே திண்டிவனத்தில் பட்டறை வைத்து மோட்டார் காயில் கட்டுகிறவள். ஒலக்கூர் வரைக்கும் எரிந்துபோன பம்புசெட்டெல்லாம் அவள் கைக்குத்தான் வரும். இந்தக் காந்தத்தைப் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவாள். ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? "உனக்கு மோட்டார் தெரியும், மியூசிக் தெரியாது" என்று இத்தனை வருஷம் சொல்லியாயிற்றே.

"ஏங்க, கிடாரோட எங்க கிளம்பிட்டீங்க?"

"விழுப்புரம். கம்பி மாத்த."

"கம்பியை வீட்லதானே மாத்துவீங்க?"

"இது வேற கம்பி."

"சரிங்க. வெயிலா இருக்குது, குடை எடுத்துக்கினு போங்க."

அவ்வளவுதான். ஏமாந்துவிட்டாள்! ரயிலில் விழுப்புரம் போய், ரிப்பேர்க்காரர் சீனுவாசனிடம் கிடாரையும் காந்தத்தையும் கொடுத்தேன். வியாழக்கிழமை கைக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஜைன வீட்டு வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சோறு போட்டு அனுப்பினாள். அன்றைக்கு வாசித்தேன் பாருங்கள்! சத்தத்தின் கூரைக் கூட்டிக் குறைக்க கிடாரில் இருக்கிற டோன் திருகைப் பாட்டுக்குப் பாட்டு திருப்பினேன். மெலடிக்கு இந்தப் பக்கம். குத்துப் பாட்டுக்கு அந்தப் பக்கம். திருப்பத் திருப்ப அல்நிக்கோ குழைந்தது. ஒருத்தரும் காதைப் பொத்தவில்லை. "தூள் அண்ணே, நீங்க இல்லாம கச்சேரியே இல்ல" என்றான் சித்தார்த்தன்.

மறுநாள் காலை அவள் பட்டறையில் என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"ஞானமதி, உன்கிட்ட சொல்லாம ஒரு வேலை செஞ்சேன். பிக்கப்புல காந்தத்தை மாத்திட்டேன். இதெல்லாம் காது இருக்கிறவனுக்குத்தான் புரியும்."

அவள் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை என் முன்னால் வைத்தாள்.

"இந்தக் காந்தமா? இன்னும் பிரிக்கவே இல்லீங்க."

"இது எப்படி உன்கிட்ட?"

"சீனுவாசன் அண்ணனுக்கு அந்த மயிரிழைக் கம்பியில கை வைக்க பயம். அந்த மாதிரி வேலையெல்லாம் நாலு வருஷமா என்கிட்டதான் வருது. நீங்க திரும்பி வந்த ரயிலுக்கு அடுத்த ரயில்லயே உங்க கிடாரும் வந்துடுச்சு."

"அப்ப கீச்சு சத்தம் எப்படிப் போச்சு?"

"கீச்சு காந்தத்துல இல்லீங்க. அந்த சத்தம் உங்க காதுலதான் விழறதில்ல. விழலன்னு வருஷா வருஷம் கூர் சத்தத்தை, அதாங்க ட்ரெபிளை, ஏத்திக்கினே போயிருக்கீங்க. இத்தனை வருஷம் ஸ்பீக்கர் பக்கத்துல நின்னா எந்தக் காது தாங்கும்? அதான் டோன் திருகோட ஒயரைக் கழட்டிட்டு, கீச்சு வெளிய வராதபடி உள்ளயே ஒரேடியா கட்டிட்டேன். புதன்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

"சித்தார்த்தனுக்குத் தெரியுமா?"

"கிடார் வந்ததும் என்ன விஷயம்னு நான்தான் போன் பண்ணிக் கேட்டேன். அவரை எடுத்துடாதீங்க தம்பி, கிடாரை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

ஆக, என் இருபத்திரண்டு வருஷ சங்கீதம் இவள் போட்ட பிச்சையில் ஓடுகிறது. எதையாவது கேட்டு மடக்கியாக வேண்டும்.

"ஒயரைக் கழட்டினவ, அந்தத் திருகை மட்டும் எதுக்கு விட்டு வெச்ச?"

ஞானமதி அடுத்த மோட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க திருப்பிக்கினு இருக்கத்தாங்க."