இரண்டு ராணிகளும் ஒரு நடுநிலை ராஜாவும்

வகுப்பில் ஆறு பேர். அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவன் அவர்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாசக் கடைசிக்குள்ள இருபது பேர் சேரலைன்னா உங்க பாடத்தை மூடிடுவேன்" என்றார் துறைத்தலைவி. "அலுவலகக் கடிதம் எழுதறது எப்படின்னு ஒரு பாடம் ஆளில்லாம கிடக்கு. அதை எடுத்துக்கோங்க."

பன்னாட்டு உறவுக் கோட்பாடுகளை இருபத்திரண்டு வருடமாக நடத்திவந்த பேராசிரியருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மனைவி வைத்த கிண்ணமும் மாடியிலிருந்து அவருடைய அக்கா கொடுத்தனுப்பிய கிண்ணமும் அப்படியே இருந்தன. கையில் மட்டும் வழக்கம்போல் புத்தகம்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

சொன்னார். அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

"பசங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஏதாவது சீரியலை வச்சு நடத்துங்களேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு ராஜா ராணி சீரியல் ஓடுது."

"நீ பாக்கறியா?"

"ஒரு நாள் விடாம."

"கதை என்ன?"

"ஒரே அரண்மனை. மேல்கோட்டைல ஒரு ராணி, கீழ்க்கோட்டைல ஒரு ராணி. மேல இருக்கறவ முன்னாடியே இருந்தவ. கீழ இருக்கறவ அப்புறம் வந்தவ."

பேராசிரியர் புத்தகத்தை மூடினார். அது எப்போதாவது நடக்கிற காரியம். "பழைய வல்லரசு, புது வல்லரசு! மேல சொல்லு."

"ஆத்துத் தண்ணி மேலேருந்துதான் கீழ வரணும். மேல இருக்கறவளுக்குக் கோவம் வந்தா மடையை அடைச்சிடுவா. அதுக்குப் பயந்து இவ விடியறதுக்குள்ள எல்லாக் குடத்துலயும் பிடிச்சு வச்சுக்குவா. அதைப் பாத்து அவ, நம்ம பங்கும் போச்சுன்னு இன்னும் சீக்கிரமா அடைப்பா."

"ஆஹா! யாரும் கெட்டவங்க இல்ல, பயம்தான் சண்டையை மூட்டுது. இதைத்தான் நான் நாப்பது பக்கத்துல எழுதியிருக்கேன். ராஜா என்ன பண்றார்?"

மனைவி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அதை முழுக்க உரித்து முடித்த பிறகுதான் பதில் வந்தது.

"படிச்சிக்கிட்டிருக்கார்."

மறுநாள் வகுப்பில் யாரும் தூங்கவில்லை. அடுத்த வாரம் முப்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஜன்னலில்கூட இடமில்லை. "எங்க தேடியும் அந்த சீரியல் கிடைக்கல சார்" என்றார்கள். "அப்ப நான் சொல்றதைக் கேளுங்க" என்றார் பேராசிரியர். தினமும் இரவு மனைவியிடம் கேட்டுக்கொண்டு, காலையில் வந்து ஒப்பித்தார்.

கூட்டம் சேர்ந்தது. கூடவே கட்சியும் சேர்ந்தது. மேல்கோட்டைக் கட்சி மின்விசிறிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. சுவிட்ச் இருந்த சுவரோரம் கீழ்க்கோட்டையின் கைக்கு வந்தது. சுவிட்ச் அணைந்தது. மேல்கோட்டை, நோட்டு கடன் தருவதை நிறுத்தியது.

பக்கத்து அறைப் புள்ளியியல்காரர் எட்டிப்பார்த்தார். "இங்க பாடம் நடக்குதா, படையெடுப்பு நடக்குதா?"

சண்டையைத் தணிக்க ஒரு சமாதான ஒப்பந்தம் எழுதச் சொன்னார் பேராசிரியர். இரண்டு கட்சியும் மூன்று மணி நேரம் கத்திவிட்டு, ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றுசேர்ந்தன: எல்லாத்துக்கும் காரணம் அந்த ராஜாதான்.

"அவரை ஏம்ப்பா இழுக்கறீங்க? நடுநிலைமையும் ஒரு கொள்கைதான்!" என்றார் பேராசிரியர். ஏன் என்று தெரியவில்லை, குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

எல்லோரும் முதல் பெஞ்சு என்று கூப்பிடும் மாணவி எழுந்தாள். "நடுநிலைன்னா ரெண்டு பக்கமும் பேசணும் சார். இவர் எந்தப் பக்கமும் பேசறதில்ல. ரெண்டு கோட்டைலேருந்தும் கப்பம் மட்டும் வாங்கிக்கறார். இதுக்குப் பேரு நடுநிலையா, சோம்பேறித்தனமா?"

வாக்கெடுப்பு நடந்தது. ராஜாவுக்கு ஆதரவாக ஒரே ஒரு கை. அது பேராசிரியருடையது.

அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கையை இறக்கினார். 'ராஜா புத்தகத்தை மூடிவிட்டு, வாரம் ஒருநாள் இரண்டு ராணிகளையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவேண்டும்' என்று கரும்பலகையில் எழுதினார். மாணவர்கள் அதைத் தாளில் எழுதினார்கள். அவரும் கையெழுத்திட்டார்.

வீட்டில் வாசித்துக் காட்டினார். மனைவி இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

"நீங்களேதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"தேதியோட."

அவள் அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்து, பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஒரு வகுப்புத் தாளுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மாசக் கடைசி வந்தது. துறைத்தலைவி பேனாவைத் திறந்தார். மூடினார்.

"பேர் எழுபதைத் தாண்டிடுச்சு, சந்தோஷம். ஆனா புள்ளியியல்காரர் புகார் குடுத்திருக்கார். அப்படி ஒரு சீரியலே கிடையாதுங்கறார். எனக்கும் அந்த ராஜாவை ஒரு தடவை பாக்கணும்னு ஆசை. ராஜாவைக் கண்ணால பாத்தா கையெழுத்து. இல்லன்னா அலுவலகக் கடிதம்."

"இன்னிக்கே வாங்க மேடம். ரெண்டு மணிக்கு!"

துறைத்தலைவி வந்தார். முதல் பெஞ்சும் வந்தாள். மனைவி தேநீர் வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று மாடிக்குப் போனாள். பேராசிரியர் டிவியின் மேலிருந்த துணியை எடுத்தார். தூசி பறந்தது. ரிமோட்டை அழுத்தினார். திருப்பிப்பிடித்து அழுத்தினார். தொடையில் தட்டி அழுத்தினார். பிறகு டிவியையே தட்டினார்.

"ரெண்டு அஞ்சு" என்றார் துறைத்தலைவி.

பேராசிரியர் ஓடிப்போய்த் தெருமுனைக் கடையிலிருந்து டிவி மெக்கானிக்கைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "தம்பி, அஞ்சு நிமிஷத்துல எனக்கு ஒரு ராஜா தெரியணும். என் வேலையே அவன் கையிலதான் இருக்கு."

மெக்கானிக் பையைத் திறக்கவில்லை. டிவியைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கக்கத்தில் புத்தகத்தோடு நின்றிருந்த பேராசிரியரைப் பார்த்தார்.

"சார், இது எரிஞ்சுபோயி ஒன்றரை வருஷமாச்சு. அப்பவே சரிபண்ணித் தரேன்னேன். 'எதுக்குப்பா, மாடியில நாத்தனார், கீழ நான், நடுவுல புத்தகமும் கையுமா ஒரு ராஜா, அதுவே போதும்'னு அம்மாதான் வேணாம்னுட்டாங்க."