வெயிலில் கறுக்கும் கண்ணாடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வாரம் முழுக்க எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறது. ஞாயிறன்று அதைக் கொஞ்சம் மூடினால், மனைவி ஒட்டடைக் கம்பை நீட்டுகிறாள். ஆனால் அச்சுத்தாளோடு உட்கார்ந்திருந்தால் மட்டும் கிட்டே வரமாட்டாள். என்மேல் இல்லாத மரியாதை என் வேலைமேல் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது. கடைக்காரர் மலிவாக ஒன்று காட்டினார். மேல் பக்கமாகப் பார்த்தால் தூரம், கீழ்ப் பக்கமாகப் பார்த்தால் எழுத்து. வெயிலுக்குப் போனால் தானே கறுத்துவிடுமாம். கறுத்த பிறகு எதிரே இருப்பவருக்கு உள்ளே கண் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

அந்த ஞாயிறு பால்கனியில் நல்ல வெயில். மடியில் அச்சுத்தாள், கையில் சிவப்புப் பேனா. கண்ணாடி கறுத்தது. நான் கண்ணும் கறுப்புமாக வேலையில் ஆழ்ந்துபோனேன். சில வாரம் ராஜ வாழ்க்கை.

போன ஞாயிறு சாயங்காலம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மனைவியின் அண்ணன் இறங்கினார். பின்னாலேயே பெட்டிகள். அதற்கும் பின்னால் ஒரு நாய். இந்த ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். வீடு கிடைக்கும்வரை இங்கேதானாம். அதுவும் என் அறையில்தானாம். மாப்பிள்ளைக்குப் பெரிய மனசு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, யாரைக் கேட்டு இந்த ஏற்பாடு என்றேன்.

"உங்களைக் கேட்டுத்தாங்க. காலையில பால்கனிக்கு வந்து கேட்டேன், தலையாட்டினீங்க. உங்க ரூமைக் குடுத்துடலாமான்னேன், அதுக்கும் ஆட்டினீங்க. நாயும் வருதுன்னேன். அதுக்கு ரெண்டு தடவை ஆட்டினீங்க."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"அது எப்படி? கையில பேனாவோட உக்காந்திருந்தீங்களே. ஏங்க, தூங்கிட்டா இருந்தீங்க?"

வீட்டுக்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. என் திருட்டு முழி அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தாள். தூங்கினேன் என்றால் இனி ஞாயிறு கிடையாது. தூங்கவில்லை என்றால் அறை கிடையாது.

"சேச்சே, முழிச்சுட்டுத்தான் இருந்தேன்," என்றேன்.

மச்சான் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். என் கட்டிலில் நாய் எந்த ஒளிவு மறைவும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.