பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் படை எங்கள் மழலையர் பள்ளியில் படித்ததில்லை, பாவம். அச்சமற்ற தலைமுறை ஒன்றை நான்கு வயதிலேயே உருவாக்கிய பெருமை தலைமையாசிரியையான என்னையே சேரும். நானே சொல்வது அழகல்லதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

மூன்று கூட்டங்கள் போட்டு, 'பாம்பு நம் நண்பன்' திட்டத்தைத் தீட்டினோம். பாம்பு பிடிப்பவர் ஒருவர் துணிப்பையில் விஷமில்லாத பாம்பொன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தடவிப் பார்த்தார்கள். நான் 'நிர்வாகக் காரணங்களுக்காக' அடுத்த அறை ஜன்னல் வழியாகக் கவனித்தேன்.

"இது நாக்க நீட்டித்தான் மோப்பம் பிடிக்கும். உங்களுக்கு இருக்கிற பயத்தவிட இதுக்குப் பயம் ஜாஸ்தி," என்றார் அவர். "பாத்தா அசையாம நில்லுங்க. மெதுவா பின்னால நகருங்க."

'பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்' என்ற மூன்றாவது விதியைச் சேர்த்தவள் நான்.

மறுவாரமே 'வாலு' என்று நாங்கள் கூப்பிடும் சிறுமி பதற்றமில்லாமல் என் அறைக்கு வந்தாள்.

"மிஸ், சறுக்குமரத்துக்கு அடியில பாம்புக் குட்டி. ரொம்பப் பயந்துபோயிருக்கு. நாங்க பின்னால வந்துட்டோம்."

மூன்று விதிகளும் பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவர்களும் கடமையில் குறை வைக்கவில்லை. ஆயா துடைப்பத்தோடும் வாட்ச்மேன் தடியோடும் ஓடினார்கள். நான் பெஞ்சின் மேல் நின்று 'வழிகாட்டினேன்'. ஐந்தே நிமிடத்தில் நண்பனின் கதை முடிந்தது.

"அது நம்ம ஃபிரெண்டுதானே மிஸ்?" என்று கேட்டாள் வாலு.

"ஃபிரெண்டுதான் கண்ணு. பர்மிஷன் இல்லாம உள்ள வந்துடுச்சு."

அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு புரிதல் என்று வியந்தேன்.

திட்டத்தின் புகழ் பரவி, விருதுக்காக எங்களைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். வகுப்பறையில் பழைய பொம்மை அலமாரிக்கு முன்னால் எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"பாம்பப் பாத்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"அசையாம நிப்போம். பின்னால நகருவோம்," என்றார்கள் இருபது பேரும்.

"அப்புறம்?"

மற்றவர்கள் வாலுவைப் பார்த்தார்கள். கடைசியில் வாலு எழுந்தாள்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். சொன்னா மிஸ் கொன்னுடுவாங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். "சரி, இப்ப எங்கயாவது பாம்பு இருக்கா?"

இருபது ஜோடிக் கண்கள் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரிக்கு ஒருமுறை போய்வந்து, தரையைப் பார்த்தன. பிறகு பிள்ளைகள் மெதுவாக, சத்தமில்லாமல், பின்னால் நகர ஆரம்பித்தார்கள்.

என் பணிக்காலத்தில் இவ்வளவு ஆழமாகப் பதியும்படி நான் வேறெந்தப் பாடத்தையும் நடத்தியதில்லை.