ஹோங்சி வேரில் சிவப்பு நூல்

லான்ஜோவில் குடியிருக்கும் பெரிய மச்சான் லூ பாவ்சுவான் அவர்களுக்கு, வூது மலையிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஷெங்லின் மரியாதையுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை கைஷியாவும் நலம். கோழி மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த விவரம் கீழே வரும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் நடந்த கைஷியாவின் அறுபதாம் பிறந்தநாள் விருந்தைப் பற்றி இதற்குள் யாராவது உங்களுக்குப் போன் செய்து, சிரித்து, சொல்ல முடியாமல் போனை வைத்திருப்பார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் நான் பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றபோது இரண்டு கை ஹோங்சி மூலிகை விதை கொடுத்தீர்கள். முப்பத்தோரு வருஷம் அவளுடைய பிறந்தநாள் அன்றெல்லாம் நான் லான்ஜோ ரோட்டில் இருந்தவன். அறுபதுக்காவது கோழி சூப்பில் போடுகிற வேர் என் மண்ணில் விளைந்ததாக இருக்கும் என்று சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன்.

நீங்கள் தெளிவாகத்தான் சொன்னீர்கள். “விதையை மணலோட சேத்துத் தேய், தோல் கீறினாத்தான் முளைக்கும். மண்ணு ஆழமா இருக்கணும். தண்ணி தேங்கக் கூடாது. அப்புறம் நாலு வருஷம் அந்தப் பக்கமே தலைய நீட்டாத.” முதல் மூன்றையும் செய்தேன். நாலாவதுதான் என்னால் ஆகவில்லை. வண்டி கிளம்பியதா இல்லையா என்று பார்க்காமல் ஒரு டிரைவர் எப்படி உட்கார்ந்திருப்பான்? முதல் குளிர்காலத்தில் தண்டெல்லாம் காய்ந்தது. செத்துவிட்டது என்று ஒரு வரிசையைப் பிடுங்கிக் கீழே சரிவில் எறிந்தேன். கைஷியா ஓடி வந்தாள். “செத்துப் போகலைங்க, தூங்குது. வசந்தத்துல எந்திரிக்கும். நீங்க மத்தியானம் தூங்கறப்ப நான் புடுங்கி எறிஞ்சேனா?” அடுத்த வருஷம் வேர் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று மாசத்துக்கு ஒன்றாகத் தோண்டிப் பார்த்து மறுபடி புதைத்தேன். நேராக இறங்க வேண்டிய வேரெல்லாம் இஞ்சி மாதிரி கிளைத்துக்கொண்டன. இந்த வசந்தத்தில் விருந்துக்கென்று வாங்கிய கோழி பாத்திக்குள் புகுந்து இளந்தளிரைக் கிளறித் தின்றது. சூப்பில் சந்திக்க வேண்டிய இரண்டும் முன்கூட்டியே சந்தித்துக்கொண்டன. மிஞ்சியது ஒரே செடி. பக்கத்தில் பள்ளம் வெட்டித்தான் எடுக்க வேண்டும், தெரியும். அவசரத்தில் இழுத்தேன். சுண்டுவிரல் அளவு என் கையில், மீதி பூமிக்குள்.

என்ன செய்வேன் மச்சான்? சந்தையில் ஒரு முழு வேர் வாங்கி வந்து, குழி தோண்டி நட்டு, மேலே காய்ந்த தண்டைச் செருகி வைத்தேன். விருந்தன்று நாற்பது பேர் சுற்றி நிற்க, பக்கவாட்டில் பதமாக வெட்டி, வேரைத் தூக்கிக் காட்டினேன். நடுவில் கடைக்காரன் கட்டிய சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தெங் குனிந்து அந்த நூலைப் பார்த்தார். “ஷெங்லின், உன் மண்ணு ரொம்ப நல்ல மண்ணுப்பா. கழுவி, துடைச்சு, கட்டியே குடுக்குது.”

கைஷியா சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சூப்பை எல்லோரும் இரண்டு கிண்ணம் குடித்தார்கள். நான்தான் என் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இனி மண்வெட்டியைத் தொடமாட்டேன். அங்கே ஏதாவது பஸ் டிப்போவில் காவல்காரன் வேலை இருந்தால் பாருங்கள்.

உங்கள் முழங்கால் மாடிப்படியெல்லாம் ஏறி இறங்கட்டும், உங்கள் அடுப்பில் நூடுல்ஸ் என்றும் கொதிக்கட்டும் என்று வேண்டும்,
கௌ ஷெங்லின்

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று காலை கைஷியா புல்லறுக்கச் சரிவில் இறங்கிக் கூப்பிட்டாள். முதல் வருஷம் நான் செத்ததென்று எறிந்ததில் ஒன்று அங்கேயே வேர்பிடித்திருக்கிறது. என்னைத் தொடவிடாமல் மத்தியானம் வரை அவளே தோண்டினாள். என் கையைவிட நீளம். இரண்டே கிண்ணம் சூப் வைத்தாள். “உங்க மண்ணுலதான் வெளைஞ்சுது. வாக்கக் காப்பாத்திட்டீங்க, உங்களுக்கே தெரியாம” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிப்போ வேலை வேண்டாம். இரண்டு கை விதை அனுப்புங்கள், அவள் பேருக்கு. எங்கே விதைக்கப்போகிறாள் என்று எனக்குச் சொல்லமாட்டாளாம். உங்களிடம் சொன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சும்மா பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.