கப்பல் அண்ணையின் கரீபியன் பயணமும் என் காய்ச்சலும்

கடலே இல்லாத சுவிஸ் நாட்டில் இருந்துகொண்டு, ஒரு நாளாவது கடலை விட்டுக் கரையேறாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் பீல் நகரத்தில், எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தார். சொந்தப் பெயர் அவருடைய விசாக் கடுதாசியில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் கப்பல் அண்ணை.

எழுபதுகளில் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் வேலை செய்து, கரீபியன் தீவெல்லாம் சுற்றியவர். தொண்ணூறுகளில் முதியோர் இல்லமொன்றின் குசினியில் தட்டுக் கழுவினார். கழுவும்போதும் கால்களை அகட்டி வைத்துத்தான் நிற்பார். "அலை சொல்லிப்போட்டு வராது தம்பி" என்பார். அவர் வீட்டுக் கதிரைகள் எல்லாம் மேசையோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். சாப்பிடப் போனவன் கதிரையை இழுத்தால் மேசையும் கறியும் சேர்ந்து மடிக்கு வரும்.

கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்றுதான். ஆளுக்கொரு நாள் முறை. ஒருமுறை அண்ணை அங்கே கொடிக்கயிற்றைக் கப்பல் முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டார். அடுத்த நாள் முறைக்காரியான சுவிஸ் அம்மா அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. கட்டடத்தைப் பராமரிக்கிறவர் வந்தார், அவராலும் முடியவில்லை. அவர் கத்தரிக்கோலை எடுத்ததும் அண்ணை குறுக்கே பாய்ந்தார்.

"கயித்தை வெட்டிறவன் மனுசனே இல்லை எண்டு இவனுக்குச் சொல்லு தம்பி!"

எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், "மன்னிக்கச் சொல்கிறார், இப்போதே அவிழ்த்துவிடுவாராம்" என்றேன்.

நான் வெறும் மொழிபெயர்ப்பாளன் இல்லை. எட்டு வருடமாக அவர் கதைகளுக்கு வாய்த்த ஒரே காது நான். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தால் நேரே நான்காம் மாடி, தேத்தண்ணி, கரீபியன். கதைகளில் எப்போதும் இரண்டு பேர் வருவார்கள். எஞ்சின் அறையில் நின்ற ராசன், சமையல்காரச் செல்லையா. டிரினிடாட் சந்தையில் செல்லையா ஆட்டைத் தடவிப் பார்க்கப் போய், ஆட்டுக்காரியிடம் செருப்படி வாங்கிய கதையை அண்ணை மறந்தால் நான் எடுத்துக் கொடுப்பேன். அந்த இரண்டு பேருக்கும் அது ஒருமுறை நடந்தது. நான் நாற்பது முறை கேட்டிருக்கிறேன். யாருக்கு உரிமை அதிகம், சொல்லுங்கள்!

அண்ணைக்கு அகதிகள் வெளிநாடு போகலாம் என்ற பத்திரம் கிடைத்த வருடம், துள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ராசன் கனடாவிலையிருந்து ஃபோன் எடுத்தவன். செல்லையா நோர்வேயிலையிருந்து வாறானாம். மூண்டு பேரும் கரீபியனுக்குப் போறம். உல்லாசக் கப்பல்! இந்த முறை வேலைக்கில்லை, துரை மாதிரிப் போறம்!"

எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அங்கை இப்ப புயல் காலமாமே அண்ணை?"

"நான் பாக்காத புயலோ?"

"உங்களுக்குப் பிரஷரும் இருக்கு..."

"கடல் காத்துப் பட்டா இறங்கியிடும்!"

'நீயும் வாவன்' என்று வாய்க்காகக்கூடச் சொல்லவில்லை.

என் மனைவி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், "சக்களத்தி வந்த மாதிரி ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?" என்றாள்.

"அவங்கள் பழைய கூட்டாளியள். அப்ப நான் ஆர்?"

"கீழ்வீட்டுக்காரன்" என்றாள், வெங்காயம் வெட்டிக்கொண்டே. கண்ணீர் எனக்கு வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழும்பிப் போனேன்.

பதினாலு நாள் நான்காம் மாடி இருட்டிக் கிடந்தது. ஒரு தபாலட்டை வந்தது. முன்பக்கம் நீலக் கடல். பின்பக்கம் 'இங்கு யாவரும் நலம்' என்று ஒரேயொரு வரி. எட்டு வருடக் காதுக்கு ஒரு வரி! அதைக் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் செருகினேன்.

சனிக்கிழமை அண்ணை திரும்பி வந்து கதவைத் தட்டினார். "காய்ச்சல் எண்டு சொல்லும்" என்று மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்தேன். அவர் மெதுவாகப் படியேறிப் போகிற சத்தம் கேட்டது. இனி அவருக்கு நான் தேவையில்லை, உண்மையான ஆட்கள் கிடைத்துவிட்டார்கள் என்று நினைத்தபோது, வராத காய்ச்சல் வந்த மாதிரித்தான் இருந்தது.

ஞாயிறு தொலைபேசி அடித்தது.

"நீர்தானோ பீலிலை இருக்கிற அந்தத் தம்பி? நான் ராசன், கனடாவிலையிருந்து. உம்மடை நம்பரை அவன்தான் தந்தவன்."

"ஓம், சொல்லுங்கோ" என்றேன், முறுக்காக.

"என்னத்தைச் சொல்ல? பதினாலு நாளும் உம்மடை புராணம்தான் ஐசே! கடலைப் பாரடா எண்டால், பீல் ஏரி இதைவிட வடிவெண்டான். பழைய கதை ஒண்டு சொல்லடா எண்டால், நீர் உடுப்புத் தோய்க்கிற அறையிலை வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெர்மனிலை கர்ச்சிச்ச கதையைச் சொன்னான். எத்தினை தரம் தெரியுமோ? செல்லையா காதிலை பஞ்சு வைச்சிட்டான். இருவது வருசம் கழிச்சு நாங்கள் சந்திக்கிறம், அவன் உம்மைப் பற்றிக் கதைக்கிறான். எனக்கு எரிஞ்சுதப்பா, உண்மையா எரிஞ்சுது. அப்பிடி என்னதான் நீர் அவனுக்குச் செய்தனீர்?"

"ஒண்டுமில்லை" என்றேன். "கேட்டுக்கொண்டிருந்தனான்."

தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்து ஏறினேன். வெயிலில் கறுத்துப்போன முகத்தோடு கதவைத் திறந்தார்.

"காய்ச்சலெண்டு சொன்னவ?"

"மாறிட்டுது."

எட்டு வருடத்தில் ஒருநாளும் நான் கதை சொல்லச் சொன்னதில்லை, அவராகத்தான் தொடங்குவார். அன்றைக்கு நானே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

"முதலிலையிருந்து சொல்லுங்கோ அண்ணை. ஒண்டும் விடாமல்."