மூன்று பேருக்கு விற்ற ஒரே பீஸ்

ஹெல்மெட் போட்டவன் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. கடன் கொடுத்துவிட்டுத் தேடுகிறவர்களுக்கு இதில் வயிற்றெரிச்சல் உண்டு. எனக்கு மட்டும் ஒரு காலத்தில் இது பிழைக்கும் வழியாகத் தெரிந்தது. (அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த வயதில் எது கண்ணில் பட்டாலும் பிழைக்கும் வழியாகத்தான் தெரியும்.)

எங்கள் அப்பாவுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்துக்குள் சுங்குடிச் சேலைக் கடை. வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ். எந்த மொழியில் பேசினாலும் அவர் தொழில் ரகசியம் ஒன்றுதான். வந்த அம்மா ஒரு சேலையை இரண்டு தடவை தடவிப் பார்த்தால் போதும். "இந்த டிசைன்ல ஒரே பீஸ்தான்மா" என்பார். அதே டிசைனில் ஒரு கட்டு அவர் உட்கார்ந்திருக்கும் மெத்தைக்குக் கீழேயே இருக்கும்.

எனக்குச் சேலை பிடிக்கவில்லை, கேமரா பிடித்திருந்தது. அப்பா ரொம்பப் பேசவில்லை. "தீபாவளி வரைக்கும் பாரு. அந்த டப்பா சோறு போட்டாச் சரி. இல்லைன்னா கடைக்கு வந்து உக்காரு" என்றார். நான் ஒரு பழைய ஜூம் லென்ஸ் வாங்கிக்கொண்டு, உலகத்தையே படம் பிடிக்கக் கிளம்பியவன் மாதிரி திருமங்கலம் பஸ்ஸில் ஏறினேன்.

திருமங்கலம் தாண்டி, ஆனி மாதத்தில் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்க்குள் பைக்குகளின் மண் ரேஸ். ஓட்ட வந்தவர்கள் யாரும் தொழில்முறை வீரர்கள் இல்லை. வாரம் ஆறு நாள் கல்லாவில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் புழுதி தின்ன வருகிறவர்கள். அதில் மூன்று பேர் ஒரு குழு. திருமங்கலத்தில் அரிசி ஆலை வைத்திருந்த சரவணன், சோழவந்தானில் வெற்றிலைக் கமிஷன் மண்டி பாண்டி, மதுரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஜாகிர். மூவருக்கும் சேர்த்து ஒரு பைக், ஒரு ஹெல்மெட், ஒரு சிவப்பு ஜெர்சி, செல்லம் என்று ஒரு மெக்கானிக். ஒருவர் ஓடி முடித்து இறங்கியதும் அவருடைய வேர்வையோடு அதே ஜெர்சியை அடுத்தவர் மாட்டிக்கொள்வார்.

நான் ஒரு ரோல் பிலிம் முழுக்க எடுத்துத் தள்ளினேன். கழுவிப் பார்த்தால் பாதி வெறும் புழுதி, மீதி கொடி ஆட்டியவரின் லுங்கி. ஒன்றே ஒன்று மட்டும் உருப்படி. கண்மாய்க் கரையிலிருந்து எழும்பி, சிவப்பு ஜெர்சிக்காரர் ஓர் ஆள் உயரத்துக்கு அந்தரத்தில் நிற்கிறார். சக்கரத்தைச் சுற்றி மண் பூமாரியாகத் தெறிக்கிறது. அப்படி ஒரு படத்தை நான் அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை, சத்தியமாக.

இதற்கு என்ன விலை வைப்பது? பாஸ்போர்ட் படத்துக்கு ஊரில் ஒரு விலை உண்டு, கல்யாண ஆல்பத்துக்கும் உண்டு. பறக்கிற மனிதனுக்கு இல்லை. பிரிண்ட் செலவு, பஸ், டீ, பரோட்டா எல்லாம் கூட்டி நூற்றைம்பது கேட்கலாம் என்று முடிவு செய்து சரவணனிடம் போனேன்.

படத்தைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தம்பி! இது நான்தானடா!"

(கவனிக்கவும். அவர்தான் சொன்னார். நான் வாயையே திறக்கவில்லை.)

"இதே மாதிரி வேற யாருக்கும் இருக்கா?"

இப்போதுதான் வாயைத் திறந்தேன். "ஒரே பீஸ்ணே." மூளைக்குத் தகவல் போகும் முன்பே வாய் வியாபாரத்தை முடித்துவிட்டது. பரம்பரைக் கோளாறு! நூற்றைம்பது அந்த நிமிடமே ஐந்நூறு ஆனது. அவர் பேரம்கூடப் பேசவில்லை. "ஆவணியில எனக்குக் கல்யாணம். போட்டோவுக்கு நீதான் வார" என்று முன்பணமும் கொடுத்தார். கல்யாண ஆர்டர்! அது நல்லபடி முடிந்தால் தீபாவளிக்கு நான் சேலைக் கடையில் உட்கார வேண்டியதில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் இன்னொரு பிரிண்ட்டோடு சோழவந்தான் போனேன். பாண்டி படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து அறுநூறு சொன்னேன், கொடுத்தார். ஜாகிர் மட்டும் "நானும் வியாபாரிதான் தம்பி" என்று முந்நூற்றைம்பதுக்கு இறக்கினார். ஆனால் படத்தில் இருப்பது தான்தான் என்பதில் அவருக்கும் சந்தேகமே இல்லை. அந்தக் கரையை மூவருமே தாண்டியிருந்தார்கள். மூவருக்குமே தாங்கள் வானத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியதாக நினைப்பு.

மூவரிடமும் ஒரே எச்சரிக்கை சொல்லிவைத்தேன். "மத்த ரெண்டு பேர்கிட்டயும் காட்டிறாதீங்கண்ணே. அவங்களுக்கு ஒரு படமும் சரியா அமையலை. மனசு கஷ்டப்படுவாங்க." நல்ல மனிதர்கள். யாரும் காட்டவில்லை. அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பாவம் பார்த்து மாறி மாறிப் பரோட்டா வாங்கிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

ஆவணி வந்தது. திருமங்கலத்தில் கல்யாண மண்டபம். பெண் வீட்டாருக்குச் சேலையெல்லாம் எங்கள் கடையில் எடுத்திருந்ததால் அப்பாவும் வந்திருந்தார். மதுரைக்குள் பிளக்ஸ் போர்டு நுழைந்த புதிது. ஊரில் காது குத்துக்குக்கூடப் பத்தடியில் பிளக்ஸ் வைத்துக்கொண்டிருந்த காலம். காலையில் நான் போனபோது வாசலில் சரவணன் வீட்டுப் பிளக்ஸ் ஒன்றுதான் இருந்தது. நான் எடுத்த படம் பத்தடி உயரத்தில், கீழே 'புழுதிப் புயல் சரவணன்' என்று. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அந்தப் பெருமையில்தான் தாலி கட்டியதும் நானே பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசலுக்கு அழைத்து வந்தேன், பிளக்ஸ் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று. முகூர்த்த நேரத்தில் நண்பர்கள் வாழ்த்துச் சொல்லி, ஆள் விட்டு இன்னும் இரண்டு பிளக்ஸ் கட்டவைத்திருந்தார்கள். நம் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை படம் ஸ்டாம்பு அளவில், வாழ்த்துகிறவர் படம் ஆளுயரத்தில். ஒன்றில் 'காற்றைக் கிழித்த பாண்டி'. இன்னொன்றில் 'பறக்கும் ஜாகிர்'. மூன்றிலும் அதே கரை, அதே மண், அதே சிவப்பு ஜெர்சி.

"ஏப்பா, மூணுலயும் மாப்பிள்ளைதான் இருக்காரு. பேரை ஏன் மாத்தி மாத்திப் போட்டிருக்காக?" என்றார் பெண்ணின் தாய்மாமன்.

மாலையும் கழுத்துமாகச் சரவணன் திரும்பினார். "மாப்ள பாண்டி, என் படத்துல உன் பேரை எதுக்குடா போட்ட?"

"உன் படமா? கல்யாணத்தன்னைக்குப் பொய் சொல்லாத மாப்ள. அது நான்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்கடா. அந்தப் பிடியைப் பாரு, அது என் பிடி" என்றார் ஜாகிர்.

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, நீ எடுத்ததுதான? சொல்லு. யாரு இது?"

யார் பெயரைச் சொன்னாலும் இரண்டு பேர் அடிப்பார்கள். தெரியாது என்று சொன்னால் மூன்று பேர். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூட்டத்துக்குப் பின்னால் அப்பா கையில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பது தெரிந்தது. விரல் தவறிப் பட்டு, யாரையும் நோக்காமல் பிளாஷ் ஒரு தடவை அடித்தது.

அப்போதுதான் கல்யாணப் பெண் வாயைத் திறந்தார். (இன்றைக்கு வரைக்கும் நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுகிறேன்.) "ஏங்க, நீங்க செருப்புப் போட்டுக்கிட்டா ரேஸ் ஓட்டுனீங்க?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சின்னப் பிரிண்ட்டில் மண்ணோடு மண்ணாகத் தெரிந்த கால், பத்தடியில் பளிச்சென்று தெரிந்தது. நீல வார் ரப்பர் செருப்பு. அறுந்த வாரில் ஓர் ஊக்கு. அந்த ஊக்கு மட்டுமே முழங்கை நீளம் இருந்தது.

"செருப்பா? நான் ஷூ போட்டுல்ல ஓட்டுனேன்" என்றார் சரவணன்.

"நானும் ஷூதான்" என்றார் பாண்டி.

"நானும்..." என்று தொடங்கிய ஜாகிர் பாதியில் நிறுத்திக்கொண்டார். படத்தில் தாங்கள் இல்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டுவிட்டது மற்ற இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

பெண் வீட்டு அத்தை ஒருவர் முன்னால் வந்தார். "இந்த ஊக்குச் செருப்பு பந்தி வாசல்ல கெடக்கே! இப்பத்தான தாண்டி வந்தேன்."

மொத்தக் கல்யாணமும் பந்திக்கு ஓடியது. அங்கே இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார் மெக்கானிக் செல்லம்.

"ஆமா, நான்தேன்" என்றார் நிதானமாக. "ரேஸுக்கு முன்னாடி பிரேக் பிடிக்குதான்னு ஒரு ரவுண்டு போனேன். புது ஜெர்சி, ஆசையா இருந்துச்சு, போட்டுக்கிட்டேன். பிரேக் பிடிக்கலை, கரை வந்துருச்சு. 'ஆத்தா'ன்னு அம்புட்டுச் சத்தமா அலறுனேனே, ஒருத்தருக்குமா கேக்கலை?"

ஆக, யாரும் பறக்கவில்லை. ஒருத்தர் விழுந்துகொண்டிருந்தார். அதைத்தான் நான் மூன்று பேருக்கு விற்றிருந்தேன்.

செல்லம் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. எம்புட்டு தம்பி?"

"ஒரே பீஸ்ணே..." என்றது என் வாய்.

அப்பா பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். மூவருக்கும் தன் சட்டைப் பையிலிருந்தே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல அவமானமாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் திருப்பரங்குன்றம் வரைக்கும் அவர் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் எங்கள் வீட்டு மொழியில் மெதுவாகக் கேட்டார்: "ஒரே கல்யாணத்துக்குப் போற மூணு பேருக்கு ஒரே டிசைனை எவனாவது விப்பானாடா?"

பொய் சொன்னதற்குத் திட்டவில்லை, தொழில் தெரியாததற்குத்தான் திட்டினார். அது இன்னும் வலித்தது. அந்தத் தீபாவளிக்கு நான் கடையில் உட்கார்ந்தேன். இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் படம் இப்போது செல்லத்தின் ஒர்க்‌ஷாப்பில் மாட்டியிருக்கிறது, இலவசமாக.

சரவணன் கல்யாண ஆல்பத்தில் வாசல் சம்பவத்துக்குப் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் மதினி குனிந்திருப்பார். பார்க்கிறவர்கள் வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். வெட்கமெல்லாம் இல்லை, சிரிப்பு. கதை எப்படியோ எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் மகன் ரன்னிங் ரேஸில் முதலாவது வந்தேன் என்று ஓடிவந்தால், என் மனைவி அடுப்படியிலிருந்தே "எங்க, காலைக் காட்டு" என்பாள்.

மதினி வருஷா வருஷம் சேலை எடுக்க எங்கள் கடைக்குத்தான் வருவார். போன தடவை அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடியை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமினேன். "இந்த டிசைன்ல மதினி..." என்று தொடங்கியதுதான் தாமதம்.

"தம்பி, அந்த மெத்தையை விட்டுக் கொஞ்சம் எந்திரிங்க" என்றார்.